ஐந்து இன்ட்டு

பேசினால் பெயர் பலகையில் ஏறும். பெயர்களுக்குக் கீழே ஆசிரியர் விரலால் கையெழுத்துப் போட்டதும், அந்தப் பிள்ளைகளின் காதுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் தணிப்பு வில்லை வேலையைத் தொடங்கிவிடும். வலிக்காது. கேட்டால் பதில் வரும். தானாகப் பேசத் தோன்றும் அந்தத் துறுதுறுப்பு மட்டும் வடிந்துபோகும்.

அந்தக் காலத்தில் சாக்பீஸ், இப்போது ஒளிப்பலகை. பெயர் எழுதுவது என்றைக்கும் வகுப்புத் தலைவிதான். எழுதிய பிறகும் அடங்காதவர்களுக்குப் பக்கத்தில் இன்ட்டு போடுவதும் அவள்தான்.

ஒரே ஒரு நாளுக்குப் பதிலி ஆசிரியையாக வந்த செங்கொடி ஆறாம் வகுப்புக்குள் நுழைந்தபோதே பலகையில் ரோஸ்லின் பெயர் இருந்தது. மதியத்துக்குள் பக்கத்தில் ஐந்து இன்ட்டு சேர்ந்திருந்தன. செங்கொடிக்குச் சிரிப்புதான் வந்தது. அவள் படித்த பள்ளியிலும் முதல் பெயர் எப்போதும் அவளுடையதுதான். அந்த வாய் இல்லாவிட்டால், அவள் வீட்டில் முதல் பட்டம் வந்திருக்காது.

ரோஸ்லின் பெஞ்சு மேல் ஏறினாள். பையைச் செங்கொடி மாதிரியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"உக்காருங்க... ப்ளீஸ் உக்காருங்கடா. நாளைக்கு எனக்கு வேலை இல்ல. இன்னிக்காவது உக்காருங்க!"

வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அச்சு அசலாக அதே குரல். சொன்னதும் உண்மை. அதனால்தான் சுட்டது. செங்கொடி விறுவிறுவென்று போய்க் கையெழுத்துப் போட்டாள்.

ரோஸ்லின் பாதிச் சிரிப்போடு நின்றாள். பிறகு பெஞ்சிலிருந்து இறங்கி உட்கார்ந்தாள். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

தலைவி தர்ஷிகா எழுந்து வந்தாள். "டீச்சர், இன்ட்டை அழிக்கலையே நீங்க?"

"ஏன் அழிக்கணும்?"

"எங்க டீச்சர் அழிச்சிட்டுதான் கையெழுத்துப் போடுவாங்க. வெறும் பேருன்னா ஒரு பீரியட். அஞ்சு இன்ட்டுன்னா..." அவளுக்கு அழுகை முட்டியது. "எப்பவுமே."

"அப்புறம் எதுக்குடி போட்ட?"

"சும்மா பயமுறுத்தத்தான் டீச்சர். எல்லா கிளாஸ்லயும் போடுவாங்க."

செங்கொடி தலைமையாசிரியர் அறைக்கு ஓடினாள்.

"எடுங்க சார் அதை."

"வில்லையை எடுத்துடலாம்மா. வடிஞ்சது திரும்ப வராது."

"பதினோரு வயசுப் பிள்ளை கையில இதக் குடுத்திருக்கீங்க. அழிச்சிட்டுப் போடுங்கன்னு ஒரு வரி எழுதி ஒட்ட வக்கில்லையா?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா."

"எனக்குத் தெரியாதே! நான் இன்னிக்குத்தானே சார் வந்தேன்!"

அவர் திரையை அவள் பக்கம் திருப்பினார். வகுப்புகளின் சத்தத்தை அளக்கும் அமைதிமானி எழுதியிருந்தது: 'ஆறாம் வகுப்பு, இந்த ஆண்டின் உச்ச அமைதி. பதிலி ஆசிரியை செங்கொடி நிரந்தரப் பணிக்குப் பரிந்துரைக்கப்படுகிறார்.' இதற்காகத்தான் மூன்று வருடமாக ஊர் ஊராக அலைந்தாள்.

நாலரை மணிக்கு வாசலில் ரோஸ்லினின் அம்மா மீன்கூடையோடு நின்றிருந்தாள். பிறவியிலேயே காது கேளாதவள், பேச முடியாதவள். மார்க்கெட்டில் கூவுவது, பேரம் பேசுவது, பஸ்ஸில் சண்டை போடுவது எல்லாம் மகள்தான் என்று காவலாளி சொன்னார். தினமும் வாசலுக்கு ஓடிவந்து அன்றைய கதை முழுவதையும் இரண்டு கையாலும் கொட்டுவாளாம்.

இன்று நடந்து வந்தாள். அம்மா முன்னால் போய் நின்றாள். கைகள் பக்கவாட்டில் தொங்கின.

அம்மா சைகையில் ஏதோ கேட்டாள். மறுபடியும் கேட்டாள். ரோஸ்லின் ஒவ்வொரு முறையும் ஒற்றைச் சைகையில் பதில் சொல்லிவிட்டுக் கையை இறக்கினாள். மகளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். பிறகு செங்கொடி பக்கம் திரும்பி, அழுதுகொண்டே வேகவேகமாகக் கைகளை அசைத்தாள். செங்கொடிக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்து சொல்ல அங்கே ஒருத்திதான் இருந்தாள். கேட்டால் மட்டும்தான் அவள் சொல்வாள்.

"ரோஸ்லின்," என்றாள் செங்கொடி. "அம்மா என்னம்மா சொல்றாங்க?"

ரோஸ்லின் அம்மாவின் கைகளைப் பார்த்தாள். பாடம் ஒப்பிப்பதுபோல் நிதானமாகச் சொன்னாள்.

"எம் பொண்ணு எங்கன்னு கேக்குறாங்க டீச்சர்."