குளிரில் மறக்காது

லொரெய்ன் கணினியை அணைத்து மறுபடி போட்டதும் திரையில் ஒரு வரி கிடந்தது. சிஸ்டம் இன்னும் ஓர் எழுத்துகூட எழுதியிருக்கவில்லை.

“லொரெய்ன், காபி ஆறுது.”

அந்த வரியை அடித்தவன் அவள் புருஷன் ரேமண்ட். லோவெல் சாலையில் பனியில் கார் வழுக்கி, போன மாதமே போய்ச் சேர்ந்துவிட்டவன். இதே மேசையில்தான் அவனும் வேலை பார்த்தான்.

லொரெய்ன் அழவில்லை. அவனைப் புதைத்த நாள் முதல் அவளுக்கு எதுவும் உறைப்பதில்லை. ஊசி போட்டு மரத்த ஈறு மாதிரி நாள் போய்க்கொண்டிருந்தது.

“பழைய குப்பைம்மா,” என்றார் மேலாளர் வோய்சிக், கோட்டை மாட்டிக்கொண்டே. “அவன் அடிச்சது மெமரியில தங்கிடுச்சு. ஸ்டார்ட் ஆகும்போதே மொத்தத்தையும் பூச்சியமாக்க மூணு வரி போடுடான்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டானா? நாளைக்கு புரோகிராம் டேப் கஸ்டமருக்குப் போவுது. சாப்பிட்டு வர்றேன், முடிச்சு வை.”

ரேமண்டின் கட்சி வேறு. “மெமரிக்குப் புதுசா குடிவர்றவன் அவன் ரூமைக் கூட்டிக்கட்டும். அதுக்காக தினமும் முழு வீட்டையும் கழுவணுமா?” என்பான்.

மூன்றே வரி. போட்டால் அவனுடைய கடைசிச் சொல்லும் போய்விடும். அவளுக்கு விரல் எழவில்லை.

மின்சாரத்தை நிறுத்தினால் மெமரி மறந்துவிடும். ஆனால் மெமரிச் சில்லு குளிர்ந்திருந்தால் மெல்லத்தான் மறக்கும் என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். கணினிப் பெட்டியின் மூடியைக் கழற்றிவிட்டு ஜன்னலைத் திறந்தாள். ஈரக் கம்பளி வாடையும், சூடான தூசி வாடையும் மெல்ல மெல்ல அடங்கி, பனியின் வெறுமை மட்டும் அறைக்குள் வந்து உட்கார்ந்தது. வெளியே மாலை வெளிச்சம் வடிய, மேசைக்கடியில் இருட்டு தேங்கிக்கொண்டே போனது.

அணைத்து மறுபடி போட்டாள்.

“லொரெய்ன், குளிருது.”

அவன் அப்படி அடித்ததே இல்லை. எழுத்துகள் கலைந்து சேர்ந்திருக்கும் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயமும் பக்கத்து வீட்டில் யாருக்கோ வந்தது போலிருந்தது.

அணைத்தாள். போட்டாள்.

“இன்னொரு ஜன்னலும் இருக்கு.”

திறந்தாள்.

“பக்கத்துல வா, புள்ள.”

அவன் அப்படித்தான் கூப்பிடுவான். போய் உட்கார்ந்தாள். பாதம் தெரியவில்லை. விரல் தெரியவில்லை. கையின்மேல் ஒரு கை. கெட்டியாகப் பிடித்தது. நிம்மதியாக இருந்தது.

வோய்சிக் வந்து, “எவன் இப்படித் திறந்து போட்டது?” என்று முணுமுணுத்தபடி ஜன்னல்களைச் சாத்தினார். “லொரெய்ன்?” அறை முழுக்கப் பார்த்தார். அவளையும் தாண்டிப் பார்த்தார். பிறகு அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தார்.

இங்கதான் இருக்கேன், என்றாள். குரல் வரவில்லை. திரையில் வந்தது.

“குப்பை கூடிக்கிட்டே போவுது,” என்றார் வோய்சிக். “வீட்டுக்குப் போயிட்டா போல, பாவம்.”

மூன்று வரியையும் தானே அடித்தார்.

வேணாம். வேணாம். வேணாம். திரை நிறைந்தது. அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பொத்தானை அழுத்தி மறுபடி கிளப்பினார்.

அழிப்பு கீழிருந்து தொடங்கியது. அவளைப் பிடித்திருந்த கை முதலில் போனது. யாருடைய கை அது? பெயர் வரவில்லை. பிடித்திருந்ததா? தெரியவில்லை.

திரையின் மூலையில் ‘லொரெ’ என்று மிச்சமிருந்தது.

பிறகு ‘லொ’.

அது இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.