பச்சைத் தூள் காளான்

மழை விட்டும் ரப்பர் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. குனிந்து காளான் பறித்த தோட்டத்துப் பெண் பஞ்சாலையின் கையை யாரோ தட்டிவிட்டார்கள்...

"அறிவிருக்கா லா? அது விஷக் காளான்!"

நிமிர்ந்தாள். கோலா சாவா தோட்டத்தில் மரநோய் பார்க்கிற அர்ச்சுனன். நனைந்த இமை... கோபத்திலும் சிரிக்கிற கண். அந்தக் கண்ணைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

"விஷமுன்னு தெரிஞ்சுதான் பறிக்கிறேன். உங்க வேலையப் பாருங்க லா!"

நாளை மறுநாள் ஜப்பான்காரன் லோரி வருகிறது, சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க. போனவர்கள் யாரும் திரும்பவில்லை. இருமி இருமி எலும்பாகிப்போன அவள் அப்பா சன்னாசியையும், தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற மண்டோர் பட்டியலில் சேர்த்துவிட்டான். வாந்தியெடுத்துக் கிடந்தால் விட்டுவிடுவார்களாம்... அப்பாவுக்குக் கொடுக்கத்தான் இந்தக் காளான்.

அவள் அதைச் சொல்லக் கேட்டதும் அர்ச்சுனனின் குரல் இறங்கியது. "ஒரு காளானக் குடு. காலையில என் கொட்டகைக்கு வா."

போகக்கூடாது என்றுதான் நினைத்தாள்... போனாள். கண்ணாடித் துண்டின்மேல் அவன் கவிழ்த்து வைத்திருந்த காளான் குடை இரவெல்லாம் பச்சைத் தூளை உதிர்த்திருந்தது. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

"ஐயோ... முட்டை முட்டையா இருக்கு!"

"ஒவ்வொண்ணும் ஒரு வித்து. தடிச்ச தோலு, நுனியில சின்னத் தொளை. மழை வர்ற வரைக்கும் செத்த மாதிரி கெடக்கும்... நனைஞ்சா அந்தத் தொளை வழியா முளைக்கும். பச்சைத் தூள் கொட்டுனா பொல்லாத வகை. உங்கப்பா தாங்க மாட்டாரு, பஞ்சாலை."

அவன் மூச்சு அவள் காதருகே பட்டது. என் பெயர் இவ்வளவு அழகா... வெட்கப்பட்டவள் அடுத்த நொடியே அழுதாள்.

"அப்ப நான் என்னதான் செய்ய?"

அவன் கண்ணாடித் துண்டிலிருந்த பச்சைத் தூளைத் துடைத்தெறிந்தான்.

மரநோய் பார்ப்பவன் என்று ஜப்பான்காரன் அவனை விட்டு வைத்திருந்தான். ஆனாலும் லோரி வந்த காலையில், சன்னாசியின் பெயரைக் கூப்பிட்டதும் முன்னால் வந்து நின்றவன் அவன்தான்.

"அவருக்குப் பதிலா நான் போறேன்."

மண்டோருக்கு ஆள் கணக்கு சரியானால் போதும். ஏற்றிவிட்டான்.

பஞ்சாலை ஓடி வந்தாள். முந்தானையில் ஒரு காளான்.

"இதத் தின்னுங்க! நீங்க எளவட்டம், தாங்குவீங்க... எறக்கி விட்டுருவாங்க!"

"நான் எறங்குனா உங்கப்பா ஏறணும்."

நீட்டிய கை தாழ்ந்தது. அப்பாவா, இவனா... பாழும் சாமி, இதையா என்னிடம் கேட்கும்? காளான் சேற்றில் விழுந்தது.

லோரி நகர்ந்தது. வெட்கமெல்லாம் எங்கே போனதோ, கத்தினாள். "எனக்கு உங்களப் புடிச்சிருக்கு! அந்த வித்து மாதிரி கெடப்பேன்... நீங்க வர்ற வரைக்கும்!"

"எனக்கு உன் கையத் தட்டுன அன்னிக்கே புடிச்சிருச்சு லா..."

வளைவில் லோரி மறைந்தது. லயத்து வீட்டில் அப்பா இருமுவது கேட்டது. அந்த உயிருக்காகத்தான் காளான் பறித்தாள். இப்போது அந்த இருமலைக் கேட்க முடியாமல் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.