தண்ணீர் நின்ற உயரம்

கையிலிருந்த கருவியின் திரையில் ஒரு புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு புள்ளிகள் இருந்தன.

ஒன்று, தேன்மொழி காலையில் மொட்டை மாடியில் முக்காலி போட்டு நிறுத்திவிட்டு வந்த நிலைக்கருவி. அது வானத்துச் செயற்கைக்கோள்களைப் பார்த்தபடி ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். இரண்டாவது, ரோவர். ஆள் உயரக் கம்பின் உச்சியில் பொருத்திக் கையில் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாகப் போய் அளக்கிற கருவி. நின்ற இடமும் அதன் உயரமும் உடனே திரையில் வந்து விழும். அந்த ரோவர் இப்போது அவளிடம் இல்லை. யாரிடமும் இல்லை. போன மார்கழி வெள்ளத்தில் அது அவள் கணவன் தேவேந்திரனோடு போய்விட்டது.

திரையை முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். இரண்டாவது புள்ளி அப்படியே நின்றது. படித்துறையில்.

விளக்கு வைக்கிற நேரம். தூறல் பிடித்து மின்சாரமும் போயிருந்தது. மழை ஈரம் பட்டால் போதும், வீட்டுச் சுவர்கள் தங்களுக்குள் வாங்கி வைத்திருந்த ஆற்றை மெல்ல வெளியே விடும். வண்டலும் அழுகிய வாழைமட்டையும் கலந்த அந்த வாடை, பக்கத்து வீட்டில் இடிக்கும் அப்பள மாவின் வாசனையையும் அடுப்படியில் கொதிக்கும் புளிக்குழம்பின் வாசனையையும் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கூடம் முழுக்க நிறைந்து நிற்கும். சுவரைச் சுற்றி, கதவு நிலைக்கும் மேலே, காவி நிறத்தில் ஒரு கறைக்கோடு ஓடியது. வெள்ளம் ஏறி நின்ற உயரம்.

அந்தக் கோடுகள்தான் அவளுடைய படிப்பு. புவியியல் பகுப்பாய்வும் புவிசார் தகவலியலும் சேர்ந்த இரண்டு வருட முதுகலைப் படிப்பில் அவளும் தேவேந்திரனும் ஒன்றாகச் சேர்ந்தார்கள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரே பேருந்து, ஒரே ஜன்னலோரச் சண்டை. அத்தை மகன்தானே என்று முதல் வருடத் தீபாவளி விடுமுறையிலேயே கல்யாணத்தையும் முடித்துவைத்தார்கள். அவனிடம் ஒரு குறை உண்டு. கம்பின் உயரத்தைக் கருவியில் பதிய மறந்துவிடுவான். பதிந்தால்தான் கருவி அதைக் கழித்துத் தரையின் உயரத்தைச் சொல்லும். மறந்தால் புள்ளி தரையில் நிற்காமல் மேலே மிதக்கும்.

"ஒங்க அத்தான் அளந்தா திருநவேலியே அந்தரத்துலதான் தொங்கும்" என்று வகுப்புத் தோழன் நூர்முகம்மது கேலி செய்வான்.

"தொங்கட்டுமே. கீழ நின்னு இவ புடிச்சுக்கிடுவா" என்பான் தேவேந்திரன். அவன் பதியும் ஒவ்வொரு புள்ளிக்கும் 'தேனு' என்றுதான் பெயர் வைப்பான்.

வெள்ளம் வந்த அன்று மழை வெறித்தனமாகக் கொட்டியது. மணிமுத்தாற்றுத் தண்ணீரும் சேர்ந்து ஆறு படித்துறையை மூடியிருந்தது. "ஏறுத தண்ணிய அளக்கதுக்கு இனி எப்ப வாய்க்கும்? ஒரே ஒரு புள்ளி. எடுத்துட்டு வந்திருதேன்" என்று கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனவன். உடலும் கிடைக்கவில்லை.

உடல் கிடைக்காததால் அவன் அம்மா இசக்கித்தாய் கருமாதி செய்யச் சம்மதிக்கவில்லை. தினமும் சாயங்காலம் அவனுக்கென்று ஒரு தட்டில் சோறு போட்டு மூடி வைப்பாள். சுவருக்கு வெள்ளையடிக்க விடமாட்டாள். நிலைக்கருவியையும் டேப்பையும் வைத்தே ஊர் முழுவதும் கறைக்கோடுகளை அளந்து வெள்ளத்தின் வரைபடம் தயாரித்துவிட்ட தேன்மொழிக்கு, சொந்த வீட்டுக் கோடு மட்டும் பாக்கி. "அத எம்மவன் வந்து அளப்பான்" என்பாள் இசக்கித்தாய். இன்று காலைதான், என்ன நினைத்தாளோ, தலையசைத்தாள்.

வரைபடத்தில் எல்லாம் இருந்தது. அவன் மட்டும் இல்லை. எங்கேயாவது ஒரே ஒரு புள்ளி, 'இங்கேதான்' என்று கை வைத்துக் காட்ட ஒரு இடம் கிடைத்தால் போதும், அத்தையை அழைத்துப்போய் அழவைத்துவிடலாம் என்றுதான் இந்த ஒரு வருடமாக அவள் படித்தாள்.

நூர்முகம்மதுவுக்குப் போன் போட்டாள்.

"என்ன தேனு, வீட்டையும் அளந்தாச்சா? சொவத்துக் கறையப் படிக்க ரெண்டு வருசமான்னு எங்க வாப்பா தெனமும் கேக்காவ."

"நூரு, நம்ம டிபார்ட்மெண்ட்ல இருந்து யாராவது ரோவரோட இங்கன வந்திருக்காவளா?"

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றது.

"ரோவர் ஏது நம்மகிட்ட? இருந்தது அந்த ஒண்ணுதான். தேவாகூடயே..."

"திரையில காட்டுது."

"பழசு எதாவது தங்கியிருக்கும். அதுல பேட்டரி ஒரு நாள்கூடத் தாங்காதுட்டி. தேனு, கேக்குதியா? அணைச்சிரு. அணைச்சிட்டு அம்மா வீட்டுக்குப் போ."

கருவி 'டிங்' என்றது. புதிய புள்ளி. படித்துறைக்கு மேலே, தெரு முனை மருதமரத்தடியில். பெயர், தேனு.

போனைக் கீழே வைத்தாள். அந்தப் புள்ளியைத் தொட்டாள். கடல் மட்டத்திலிருந்து உயரம் 68.4 மீட்டர் என்றது. மருதமரத்தடித் தரை அவள் பல தடவை அளந்த தரை. அதைவிட இது மேலே. புள்ளி தரையில் இல்லை. அந்தரத்தில் மிதந்தது.

தேன்மொழிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு வருடமாக வராத சிரிப்பு, கண்ணீரோடு முட்டிக்கொண்டு வந்தது. மறந்துவிட்டான். மறுபடியும் கம்பு உயரத்தைப் பதிய மறந்துவிட்டான். வேறு யாராலும் இந்தத் தப்பைச் செய்ய முடியாது. எங்கோ கரையேறி, புத்தி தடுமாறி, எந்த ஊரிலோ கிடந்து, இன்றைக்கு வழி தெரிந்து வருகிறான்.

"அத்தை!" என்றாள். "அத்தான் வருதாவ."

அடுப்படியிலிருந்து இசக்கித்தாய் வந்தாள். ஆச்சரியப்படவே இல்லை.

"எங்கன வருதான்?"

"தெரு முனைக்கு வந்துட்டாவ."

"நனைஞ்சிருப்பானே பிள்ள" என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். மூடியிருந்த சோற்றுத்தட்டைக் கூடத்து நடுவில் கொண்டுவந்து வைத்தாள்.

தேன்மொழி தாழ்ப்பாளை நீக்கிக் கதவை விரியத் திறந்தாள்.

தெரு இருட்டாகக் கிடந்தது. தவளைச் சத்தம் இல்லை. அப்பள மாவு இடிக்கும் சத்தமும் நின்றிருந்தது. கம்பின் இரும்பு முனை சிமெண்டுத் தெருவில் ஊன்றும் 'டக், டக்' என்ற சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டாள். எத்தனையோ சாயங்காலங்கள் அந்தச் சத்தத்தை வைத்தே அவன் எந்த வீட்டைத் தாண்டுகிறான் என்று சொல்லியிருக்கிறாள். இப்போது அது கேட்கவில்லை. பிழியாத ஈரத்துணி கொடியில் கிடந்தால் சொட்டுமே, அப்படி ஒரு சொட்டு மட்டும் கேட்டது. உயரத்திலிருந்து.

டிங். கோயில் முக்கு. தேனு. 68.4.

டிங். அடிபம்பு. தேனு. 68.4.

டிங். பக்கத்து வீடு. 68.4.

அவள் விரல் நின்றது.

ஆற்றிலிருந்து வீட்டுக்கு வரும் தெரு ஏற்றம். மருதமரத்தடியைவிட அடிபம்பு மேடு. அடிபம்பைவிட அவர்கள் வாசல் மேடு. கம்பை ஊன்றி ஒரு மனிதன் நடந்து வந்தால் தெரு ஏற ஏற எண்ணும் ஏற வேண்டும். எந்தத் தப்பைச் செய்தாலும் ஏற வேண்டும். இது ஏறவில்லை. தரை மேடானாலும் பள்ளமானாலும் ஒரே மட்டத்தில் நிற்பது ஒன்றுதான். அதை முதல் வகுப்பிலேயே படித்தார்கள்.

தண்ணீர்.

மெதுவாகத் தலையைத் திருப்பிக் கூடத்துச் சுவரைப் பார்த்தாள். கதவு நிலைக்கு மேலே காவிக் கோடு. இன்று அவள் அளக்கவிருந்த கோடு. டேப் பிடிக்கத் தேவையில்லை. அதன் உயரம் என்னவென்று இப்போது தெரிந்துவிட்டது.

"அத்தை, கதவ சாத்துங்க."

"எதுக்குட்டி? எம்பிள்ள வருத நேரத்துல?"

"அத்தை, சாத்துங்க. அது நடந்து வரல."

டிங்.

வாசல்.

கதவைப் பிடிக்கக் கை நீட்டினாள். கை காற்றில் மெதுவாகப் போனது. கனமாக. எதையோ தள்ளிக்கொண்டு போவதுபோல.

கறைக்கோடு பளபளத்தது. காய்ந்து ஒரு வருடமான கறை. நாலு சுவரிலும் ஈரம் கோர்த்து நின்றது. கோட்டுக்கு மேலே துளிகூட இல்லை.

விளக்குச் சுடர் சட்டென அவிந்தது. புகைகூட எழவில்லை.

டிங்.

கூடம். தேனு. 68.4.

அவள் தலைக்கு மேலே.

நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. திரையின் வெளிச்சத்தில் இசக்கித்தாயின் முகம் மட்டும் தெரிந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். உத்தரத்துக்குக் கீழே, கோட்டின் மட்டத்தில் எதையோ. முகம் முழுக்கச் சிரிப்பு. கன்னத்தில் வழிந்த கண்ணீர் கீழே விழாமல் கன்னத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் போனது.

"வந்துட்டியாய்யா" என்றாள். "ஏன் மேலயே நிக்கே? பைய எறங்கு ராசா. சோறு ஆறிப்போச்சு."

ஒரு சொட்டு மட்டும் விழுந்தது.

"எறங்க முடியலையா? சரி. அம்மா வாரேன்."

இரண்டு கைகளையும் உயர்த்தினாள், தொட்டிலிலிருந்து பிள்ளையைத் தூக்குவதுபோல. அவளுடைய நரைத்த கொண்டை அவிழ்ந்தது. முடி தோளில் விழவில்லை. விரிந்து மேலே எழுந்தது. சேலை முந்தானை எழுந்தது. தரையில் வைத்த சோற்றுத்தட்டு ஆடி, லேசாகி, கிளம்பியது. பருக்கைகள் ஒவ்வொன்றாக வெள்ளைவெள்ளையாகப் பிரிந்து மிதந்தன.

அவள் குதிகால் தரையை விட்டது. பிறகு விரல்கள்.

"அத்தை..." தேன்மொழி வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வாயிலிருந்து ஒரு குமிழி வெளியேறி அவள் கண்ணெதிரே மேலே போனது.

கையிலிருந்த கருவி கடைசியாக ஒருமுறை ஒலித்தது. திரையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புள்ளிகள், ஒரே உயரத்தில். மூன்றாவதாக ஒரு புள்ளி, இன்னும் எண் விழாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. எண் வரும் முன்பே அதற்குப் பெயர் வந்திருந்தது. தேனு.

அவள் முதுகில் கிடந்த சடை, பைய, மேலே எழத் தொடங்கியது.