கை அழுக்காகாத சேறு

கரஸ்பாண்டென்ட் தில்லைநாதன் சென்னைக்குப் போய் இரண்டு நாள் பயிற்சி எடுத்துத் திரும்பியதிலிருந்து, மஞ்சக்குப்பம் தங்கத்தளிர் நர்சரி பள்ளியில் யாருக்கும் நிம்மதி இல்லை.

"குழந்தைங்க தொட்டுத் தொட்டுத்தான் கத்துக்கணும். சேத்துல விளையாடுனாத்தான் மூளை வளரும்!" என்று பெற்றோர் கூட்டத்தில் முழங்கினார்.

பிள்ளைகள் சேற்றில் விளையாடக் கூடாது என்றே அந்தப் பள்ளியில் சேர்த்திருந்த பெற்றோர்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

சனிக்கிழமை 'சேற்று விளையாட்டு விழா' என்று நோட்டீஸ் வந்தது. கீழே ஒரு குறிப்பும் இருந்தது: 'வெள்ளைச் சட்டை, டை, பாலிஷ் போட்ட ஷூ கட்டாயம். சட்டையில் கறை படக் கூடாது.'

அம்மாவுக்கு லீவு கிடைக்காததால் தம்பி அன்பரசுவை அழைத்து வந்தவள் ஜான்சி. ஐந்தாம் வகுப்புப் படிக்கிறாள். எல்.கே.ஜி. சேர்ந்த நாளிலிருந்து அன்பரசு தினமும் அழுதான். "விழாவுலயும் அழுதான்னா, திங்கக்கிழம டி.சி. வாங்கிக்குங்க" என்று கரஸ்பாண்டென்ட் அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

"அழ மாட்டல்ல?"

"மாட்டேன்கா."

"சத்தியமா?"

"கொஞ்சமா அழுவேன்."

பள்ளி மைதானத்தில் மேசைகள், வெள்ளை விரிப்புகள், எவர்சில்வர் தட்டுகள். தட்டுகளில் சேறு. சும்மா சேறு இல்லை. மூன்று முறை சலித்து, காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் குழைத்து, டெட்டால் ஊற்றிய சேறு.

"ஒரு கிருமி கிடையாது. சாப்பிடவே செய்யலாம்!" என்றார் தில்லைநாதன். அவரும் சாப்பிடவில்லை.

மிஸ்கள் ரப்பர் கையுறை மாட்டியிருந்தார்கள். பிள்ளைகள் ரோல் நம்பர் வரிசையில் நின்றார்கள். கொளஞ்சி ஆயா டெட்டாலில் பஞ்சை நனைத்து, முதல் பையனின் கையைத் துடைத்தார்.

அவன் பஞ்சைப் பார்த்தான். மிஸ்ஸின் கையுறையைப் பார்த்தான். "அம்மா!" என்று அலறினான். அடுத்த நொடியில் இருபத்திரண்டு பேரும் அலறினார்கள்.

"ஏன் அழுவுறாங்க? சென்னையில யாருமே அழலையே!"

"அங்க யாரு சார் வெளையாண்டது?" என்று கேட்டார் கொளஞ்சி ஆயா.

"நாங்கதான். டிரெய்னிங் வந்தவங்க."

அன்பரசு அக்காவின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்தான். "எந்தக் கைலக்கா போடுவாங்க?"

"என்னாத்தடா?"

"ஊசி."

ஜான்சி முகர்ந்து பார்த்தாள். டெட்டால் வாசனை. பஞ்சு. கையுறை. வரிசை. போன வாரம்தான் இதே மைதானத்தில் தடுப்பூசி போட்டார்கள்.

"சார், ஊசி போடப் போறீங்கன்னு நெனச்சிட்டாங்க, சார்."

"ஊசியா? இதோ, சொல்லிப் புரிய வைக்கிறேன்." மைக்கைப் பிடித்தார். "அன்பார்ந்த குழந்தைகளே! பயப்படாதீர்கள்! வலிக்காது!"

அழுகை இரண்டு மடங்கானது. போன வாரம் ஊசி போட்டவரும் அதைத்தான் சொன்னார்.

"சார், நீங்க மொதல்ல கைய வெச்சிக் காட்டுங்களேன்" என்றாள் ஜான்சி.

தில்லைநாதன் தன் கஞ்சி போட்ட சட்டையைப் பார்த்தார். "நானா? சீஃப் கெஸ்ட் வர்ற நேரம்மா!"

"அவரு வரும்போது எல்லாரும் அழுதுகினு இருந்தா பரவால்லயா சார்?"

அவர் ஒரு விரலை மட்டும் சேற்றில் வைத்தார்.

பாவாடைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "வெரல்ல யாரும் ஊசி போட மாட்டாங்க."

சேற்றை அள்ளி மணிக்கட்டு வரை பூசிக்கொண்டார்.

"இன்னும் மேல."

முழங்கை வரை போனது. அன்பரசு வெளியே வந்தான்.

"வலிக்குதா?"

"இல்லப்பா."

"நெஜமா?"

"நெஜமா. ஜில்லுன்னுதான் இருக்கு." சொல்லிவிட்டு அவரே ஆச்சரியப்பட்டார்.

அன்பரசு ஒரு கை சேற்றை அள்ளினான். விரலால் கிளறி, உள்ளே ஊசி இருக்கிறதா என்று சோதித்தான். சந்தேகம் முழுதாகத் தீரவில்லை போலும். கரஸ்பாண்டென்ட்டின் தொப்பையில் சப்பென்று அப்பிப் பார்த்தான்.

மிஸ்கள் மூச்சை அடக்கினார்கள். தில்லைநாதன் அழவில்லை. அன்பரசு சிரித்தான். வரிசை கலைந்து எல்லோரும் ஓடி வந்தார்கள்.

"ஐயோ, சட்டை! கறை!" என்று ஒரு மிஸ் கத்தினார்.

"கழட்டிட்டா எப்பிடி மிஸ் கறை படும்?" ஜான்சி தம்பியின் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். பனியனோடு அவன் பாய்ந்தான். மற்றவர்களின் சட்டை, டை, ஷூ எல்லாம் கொளஞ்சி ஆயாவின் கைக்கு வந்து சேர்ந்தன. கையுறைகளும்தான்.

தட்டுச் சேறு தீர்ந்ததும் குழாயடி மண்ணில் வேலை தொடங்கியது. தில்லைநாதனும் பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

"திங்கக்கிழமயும் சேறு இருக்குமா சார்?" என்று கேட்டான் அன்பரசு.

"இருக்கும்டா. தவறாம வந்துடு" என்றார் தில்லைநாதன். டி.சி. விஷயம் அவருக்கு மறந்தே போயிருந்தது.

அப்போதுதான் சீஃப் கெஸ்ட், வாசலில் போட்ட மாலையோடு உள்ளே வந்தார். குழாயடியில், தலை முதல் கால் வரை சேற்றோடு உட்கார்ந்திருந்தவரிடம், "ஏம்பா தோட்டக்காரரே, கரஸ்பாண்டென்ட் எங்க?" என்று கேட்டார்.

தில்லைநாதன் பதறி எழப் போனார். அன்பரசு அவர் முழங்காலை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தான்.

"எந்திரிக்காதீங்க சார்! உங்க கால் மேலதான் வீடு கட்டிகினு இருக்கோம். இடிஞ்சிடும்!"

கரஸ்பாண்டென்ட் காலை அசைக்கவே இல்லை.