ஜெசிதாவின் இடது பெருவிரல்

செவ்வாய்க்கிழமை, காலை 9.20.

லெனாட் கடலுக்குப் போகிற ஆள். குருநகரிலிருந்து சைக்கிளில் வந்தவன், பொலிஸ் நிலையத்து மேசையில் ஒரு தாளை வைத்து, காற்றில் பறந்துவிடும் என்பதுபோல் உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றான்.

பெண்கள் சிறுவர் பிரிவின் உப பரிசோதகர் றிஸ்வியா அதை வாங்கிப் படித்தாள். ‘கனிசியஸ் என்பவர் என்னை ஏமாற்றி, என் விருப்பம் இல்லாமல் என்னைக் கெடுத்துவிட்டார். அவரைத் தண்டிக்கவும்.’ கீழே ஜெசிதா என்று பெயர். பக்கத்தில் ஊதா மையில் இடது பெருவிரல் அடையாளம். ரேகைகளை எண்ணலாம், அவ்வளவு தெளிவு. குறுக்கே சரிவாக ஒரு வெள்ளைக் கோடு.

“ஆர் எழுதினது?”

“நான்தான், மிஸ். தங்கச்சி சொல்லச் சொல்ல எழுதினன்.”

“விரல் வைச்சது?”

“அவள்தான். முந்தநாள் ஞாயிறு, பூசையாலை வந்தாப் பிறகு. என்ரை கண்ணுக்கு முன்னாலை.”

“வயது?”

“இருபத்தெட்டு. ஆனா ஐஞ்சு வயசுப் பிள்ளையெண்டு நினையுங்கோ. பிறந்ததிலையிருந்து கைகால் இழுத்தபடி. பேச்சும் விளங்காது. உவளிட்டைப் போய் அவன்...” மேசையைக் குத்தினான்.

அவனுடைய கோபத்தில் பொய் இல்லை என்று றிஸ்வியாவுக்குப் பட்டது. ஆனால் அவள் புத்தளத்தில் இடம்பெயர்ந்தோர் முகாமில் வளர்ந்தவள். யாரோ எழுதிய தாளில் வேறு யாரோ விரல் வைப்பதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறாள்.

10.15. கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்த கனிசியஸைக் கூட்டிவந்து வாங்குப் பலகையில் இருத்தியிருந்தார்கள்.

“கலியாணம் எழுதப் பதிவாளரிட்டை அறிவித்தல் குடுத்திருக்கிறம், மிஸ். போன வெள்ளிக்கிழமை. ரெண்டு பேரும் கையெழுத்து வைச்சது.”

“அவவுக்கு அதெல்லாம் விளங்குமோ?”

“என்னைவிடக் கூட விளங்கும்.”

இப்படிப் பதில் சொன்ன ஆண்கள் பலரை அவள் கண்டிருக்கிறாள். நம்பாமலே குறித்துக்கொண்டாள்.

பொறுப்பதிகாரி அருட்செல்வன் அவசரப்பட்டார். “உந்தப் பிள்ளைக்குச் சம்மதம் சொல்ல ஏலாது. பிறகென்ன? ஆஸ்பத்திரியிலை சோதனை எடுப்பிச்சு, ஆளைக் கோர்ட்டிலை நிப்பாட்டுவம்.”

“ஏலுமோ ஏலாதோ எண்டு கேட்டாத்தான் தெரியும், சேர். சோதனைக்கும் அவதான் ஓம் சொல்லவேணும்.”

“நாலு மணி மட்டும் தாறன்.”

11.00. விவாகப் பதிவாளர் அறிவித்தலை எடுத்துக் காட்டினார். எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றாலும் ‘ஜெசிதா’ என்பது பிழையில்லாமல் இருந்தது. கையெழுத்து வைக்கத் தெரிந்தவள் முறைப்பாட்டில் மட்டும் ஏன் விரல் வைத்தாள்?

11.40. குருநகர் வீட்டின் கதவைத் தாய் மரியநாயகி திறந்தாள். “அவளாலை கதைக்க ஏலாது, பிள்ளை. என்னைக் கேளுங்கோ, நான் சொல்லுறன்.”

“நீங்கள் கொஞ்சம் வெளியிலை இருங்கோ, அம்மா.” றிஸ்வியா கதவைச் சாத்தினாள்.

ஜெசிதா கதிரையில் இருந்தாள். இடது கை முழங்கையில் மடங்கி மார்போடு ஒட்டியிருந்தது. இறுகிய முட்டிக்குள் பெருவிரல் அகப்பட்டுக் கிடந்தது. அப்படி இறுகியும் தோலில் ஒரு நகக்காயம் இல்லை. மடங்கிய விரல்களின் நகங்கள் ஒட்ட வெட்டியிருந்தன.

எழுதிப் பேசுகிற தன் தொலைபேசியை அம்மா எடுத்துவிட்டதாக வலக்கையால் சைகை காட்டினாள். றிஸ்வியா தன்னுடையதைக் கொடுத்தாள். ஜெசிதா வலக்கைச் சுட்டுவிரலால் எழுத்து எழுத்தாகத் தட்டினாள்.

கடிதத்தை வாசித்துக் காட்டியதும் அவள் முகம் சிவந்தது. ‘பொய். நான் இதைச் சொல்லேல்லை. விரலும் வைக்கேல்லை.’

“அப்ப இந்தக் கோடு?”

ஜெசிதா தாளை நெடுநேரம் பார்த்தாள். ‘சின்னனிலை மீன் வெட்டுற கத்தி பட்டது. விரல் என்ரைதான்.’

“கையை விரிப்பீரோ?”

முயன்றாள். முயல முயல முட்டி இன்னும் இறுகியது. “நான் தொடலாமோ?” என்று கேட்டு, ஓம் என்ற பிறகு றிஸ்வியா தொட்டாள். கல். விட்டுவிட்டாள்.

அடுத்த கேள்விக்கு றிஸ்வியா இன்னொரு கதிரையைக் கிட்ட இழுத்துக்கொண்டாள். “கனிசியஸோடை நீர் பழகினது... அது என்னெண்டு தெரிஞ்சுதானோ?”

‘அக்கா, எனக்கு இருபத்தெட்டு வயது.’

“விருப்பமில்லாட்டி அவரிட்டைச் சொல்ல ஏலுமோ?”

‘ஒருநாள் வேண்டாமெண்டன். எழும்பிப் போய் எனக்கு பிளேன்ரீ போட்டுக்கொண்டு வந்தார். சீனி கூடிப்போச்சு.’

றிஸ்வியா சிரித்துவிட்டாள். ஜெசிதா சிரிக்கவில்லை. ‘இதை என்னட்டை ஒருத்தரும் கேட்டதில்லை’ என்று தட்டினாள்.

“இன்னொண்டு. இடது கை நகத்தை ஆர் வெட்டுறது?”

‘அம்மா.’

12.30. றிஸ்வியா தெரிந்த இயன்மருத்துவர் ஒருவரை அழைத்து ஒரேயொரு கேள்வி கேட்டாள். பதில் அரை நிமிடத்தில் முடிந்தது.

3.30. பொறுப்பதிகாரியின் அறையில் ஜெசிதாவும் கனிசியஸும் தாயும் தமையனும் இருந்தார்கள்.

“லெனாட், தங்கச்சியின்ரை இடது கையை நீங்கள் விரிச்சுப் பாத்திருக்கிறியளோ?”

“அது விரியாது, மிஸ்.”

“ஞாயிற்றுக்கிழமை உங்கடை கண்ணுக்கு முன்னாலை விரிஞ்சதே?”

லெனாட் தங்கையின் முட்டியைப் பார்த்தான்.

“விரல் ஜெசிதாவின்ரைதான், தழும்பு சொல்லுது. ஆனா முழிச்சிருக்கேக்கை அந்த விரலை வெளியிலை எடுக்க ஆராலும் ஏலாது. இப்பிடி இறுகின கை நித்திரையிலைதான் இளகுமெண்டு இயன்மருத்துவர் சொன்னவர். அதைத் தெரிஞ்ச ஒராள், நித்திரையிலை நகம் வெட்டுற ஒராள் வைச்ச விரல் இது.” றிஸ்வியா மூலையில் இருந்தவளைப் பார்த்தாள். “நாங்கள் எல்லாரும் கனிசியஸைத்தான் பாத்தம். ஜெசிதாவைக் கேளாமல் அவவின்ரை உடம்பிலை கை வைச்சது நீங்கள்தான், அம்மா.”

“நான் காணேல்லை, மிஸ்,” என்றான் லெனாட். “தங்கச்சி சொன்னவளெண்டு அம்மா சொன்னா, எழுதினன். அறைக்குள்ளை கொண்டுபோய் விரல் வைப்பிச்சுக்கொண்டு வந்தா. நான் கண்டதெண்டு சொன்னா கெதியா அலுவல் முடியுமெண்டு...”

மரியநாயகி அழவில்லை. “ஓம். மத்தியானம் சாப்பிட்டிட்டுப் படுத்தவள். விரலை எண்ணெய் போட்டுத் துடைச்சும் விட்டன். குளிக்க வாக்கிறது நான், சோறு தீத்திறது நான். அவளுக்கு இப்பிடியொரு ஆசை இருக்குமெண்டு எனக்கு ஒருநாளும் தோன்றேல்லை. அறிவித்தல் குடுத்த கதை காதிலை விழுந்ததோடை பயந்துபோனன். ரெண்டு வருசத்திலை அவன் விட்டிட்டுப் போனா?”

“போகவும் கூடும். போனா அழுவா, மற்றப் பெண்டுகள் அழுறமாதிரி. அதுக்காக இண்டைக்கே அவரைச் சிறைக்கு அனுப்பேலுமோ?”

ஜெசிதா றிஸ்வியாவின் தொலைபேசியில் தட்டத் தொடங்கினாள். அருட்செல்வன் மணிக்கூட்டைப் பார்க்கப் போய், பார்க்காமல் விட்டார். றிஸ்வியா வாசித்தாள்:

‘நான் ஓமெண்டதை நீங்கள் இல்லையெண்டு எழுதிப்போட்டியள், அம்மா. நான் நித்திரையா இருக்கேக்கை.’

அதற்குப் பிறகுதான் மரியநாயகி அழுதாள்.

கனிசியஸைப் போகவிட்டார்கள். பொறுப்பதிகாரி தொண்டையைச் செருமினார். “பொய் முறைப்பாட்டை நாங்கள் பாப்பம். தாய்க்கு எதிரா முறைப்பாடு குடுக்கிறது மகளின்ரை விருப்பம்.” இம்முறை அவர் லெனாட்டைப் பார்க்காமல் ஜெசிதாவைப் பார்த்தே கேட்டார். “என்ன செய்யப்போறீர்?”

ஜெசிதா தாயைப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். விரல் எழுந்து, திரையைத் தொடாமல் நின்றது. ஒரு நிமிடம் போனது. இன்னொன்றும் போனது.

“அவளுக்கு நீங்கள் கேக்கிறது விளங்கேல்லை, ஐயா,” என்று மரியநாயகி எழும்பினாள். “நான் சொல்லுறன்...”

“அம்மா, இருங்கோ,” என்றான் லெனாட். “அவள் யோசிக்கிறாள்.”