மாபானுவின் கை

மூன்றாவது முறையாகக் கூஜா காலியாகிவிட்டது.

பணிப்பெண் கேசர்தான் அதை நிரப்பினாள். வெடியுப்பில் குளிரவைத்த தண்ணீர், வாய்வரைக்கும். இளவரசி மாபானுவின் அறைக்குள் வைத்துவிட்டு, ஜன்னல்களில் கட்டியிருந்த வெட்டிவேர்த் தட்டிகளுக்குத் தண்ணீர் தெளித்துத் திரும்புவதற்குள் அதில் ஒரு சொட்டு இல்லை. விரிசல் விட்டிருக்குமோ என்று கவிழ்த்துத் தடவினாள். விரிசல் இல்லை. ஈரமும் இல்லை. மண் கூஜா காய்வதற்கே அரைநாள் பிடிக்கும்; இதுவோ சூளையிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி உள்ளே சுட்டது.

கட்டிலில் மாபானு கழுத்துவரை போர்த்திக் கிடந்தாள். இறந்து இரண்டு நாள் ஆகிறது. பன்னீரும் கற்பூரமும் அறையெங்கும் அடித்துக்கொண்டிருந்தன, அவற்றுக்கு அடியில் வேறொரு வாடையும். ஆனால் அவள் இறந்துபோனதை அந்தப்புரத்தில் யாரும் வாய் திறந்து சொல்லக்கூடாது. பாதுஷாவின் மூத்த மனைவியான பெரிய பேகத்தின் உத்தரவு. உயிரோடு இருப்பவளுக்குப் போல வேளாவேளைக்குத் தண்ணீரும் வைக்கவேண்டும்.

சொன்னால் யார் குடி முழுகும் என்று கேசருக்குத் தெரியும்; வயிறு எரிந்தது. பெரிய பேகத்தின் மகன் சிம்மாசனத்துக்குக் குறிவைத்துப் படை திரட்டுகிறான் என்று, தெற்கே போருக்குப் போயிருந்த தந்தை பாதுஷாவுக்கு மாபானு கடிதம் எழுதினாள். கடிதம் கோட்டை வாசலிலேயே சிக்கியது. எழுதியது பொய் என்று அவள் தன் கையாலேயே எழுதித்தரும்வரை தண்ணீர் கிடையாது என்று கதவைப் பூட்டினார்கள். யமுனையே வற்றிக் கோடாக ஓடுகிற வெயிலில் நான்கு நாள். அவள் எழுதவில்லை.

அந்த நான்கு நாளும் கேசர் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். மடியில் இதே கூஜா. கதவுக்கடியில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தது. துணியை நனைத்துத் தள்ளியிருக்கலாம். காவல் பெண் வாளோடு நின்றாள்தான். ஆனால் அவளும் தூங்கத்தானே செய்தாள்? "கேசர், தண்ணி" என்று உள்ளிருந்து குரல் வந்துகொண்டேயிருந்தது. கடைசி நாளில் அது குரலாகவே இல்லை, காய்ந்த ஓலை உரசுகிற சத்தமாக இருந்தது. கேசர் காதைப் பொத்திக்கொண்டாள். அதை நினைக்கும்போதெல்லாம் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது.

வெகுநாளாக மகளின் கடிதம் வரவில்லையே என்று பாதுஷா தன் சொந்த ஹக்கீமையே அனுப்பியிருந்தார். அவர் இன்று உச்சிப்பொழுதில் நாடி பார்க்க வருகிறார்.

"கையைக் காட்டுடி." பெரிய பேகம் கேசரின் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து முகம் சுளித்தாள். "இதென்ன கையா, விறகுக்கட்டையா?"

நேற்றே மருதாணி வைத்தாயிற்று. இன்று பாதாம் எண்ணெய். கடைசியாக, மாபானுவின் விரலிலிருந்து மாணிக்க மோதிரத்தைத் திருகிக் கழற்றி கேசருக்கு மாட்டினாள். அது தொட்ட இடம் சில்லிட்டது.

"கண்டுபிடிச்சிருவாருங்கம்மா" என்றாள் கேசர்.

"எதை வச்சு? திரைக்கு வெளிய ஒரு கை. அதுக்குமேல எந்த ஹக்கீமுக்கு நாம காட்டியிருக்கோம்? உனக்கு பயத்துல நாடி எப்படியும் துடிக்கும், காய்ச்சல்னு எழுதிக்கிட்டுப் போவான். நாளைக்கு அவ காய்ச்சல்லயே போய்ச் சேர்ந்தான்னு நாம அழுதுக்கலாம்." பேகம் உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள். காலையிலிருந்து அப்படித்தான் தடவிக்கொண்டிருந்தாள். "எனக்கென்னடி இப்படி வாய் வறளுது? எத்தனை சர்பத் குடிச்சாலும் இறங்கமாட்டேங்குது. போய்த் தண்ணி கொண்டா."

கேசர் நான்காவது முறையாகக் கூஜாவை நிரப்பினாள். இம்முறை கீழே வைக்கவில்லை. பேகத்துக்கு ஒரு குவளை ஊற்றிவிட்டு, இறுக்கி மூடி, மடியில் வைத்துக்கொண்டு, கட்டிலுக்கு முன்னால் தொங்கிய திரையை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். வழியிலேயே அவள் முடிவு செய்திருந்தாள். கையை நீட்டப் போவதில்லை. ஹக்கீம் எங்கே கை என்று கேட்டால், இருக்கிற உண்மையை எல்லாம் கத்திச் சொல்லிவிடுவது. அதற்குப் பிறகு தலை போனால் போகட்டும். தண்ணீர்தான் கொடுக்கவில்லை, இதையாவது செய்கிறேன்.

வெளியே செருப்புச் சத்தம். அந்தப்புரப் பெண்களைப் பார்த்துவிடாதபடி தலையிலிருந்து இடுப்புவரை சால்வை போர்த்தி, குருடனை நடத்துவதுபோல் ஹக்கீமைக் கூட்டிவந்து உட்காரவைத்தார்கள். திரையில் அவர் நிழல் விழுந்தது. பேகம் கட்டிலுக்கு அந்தப் பக்கம் ஜெபமாலையோடு உட்கார்ந்து, கண்ணாலேயே கேசரை அதட்டினாள்.

"கையைக் கொடுங்க இளவரசி" என்றார் ஹக்கீம்.

கேசர் இரண்டு கைகளாலும் கூஜாவைப் பிடித்துக்கொண்டாள். மாட்டேன். நீயாச்சு, உன் மகனாச்சு. பேகத்தின் முகம் கறுத்தது. கேசர் வாயைத் திறந்தாள்.

"ம், கிடைச்சிருச்சு" என்றார் ஹக்கீம். "யாரும் பேசாதீங்க."

கேசர் தன் கைகளைப் பார்த்தாள். இரண்டும் கூஜாவின் மேல் இருந்தன. மோதிரம் இருந்தது. மருதாணி இருந்தது.

பேகத்தின் கைகளைப் பார்த்தாள். அவை ஜெபமாலையில் இருந்தன. மணிகள் நகரவில்லை.

தலைக்கு மேலே ஏதோ உரசியது. காய்ந்த ஓலைபோல. அவள் நிமிரவில்லை.

"நாடி நல்லா ஓடுது" என்றது திரைக்கு வெளியே குரல். "காய்ச்சல் இல்ல. ஆனா கை ஏன் இப்படி வறண்டு கிடக்கு? தண்ணி குடிக்கிறாங்களா இல்லையா?"

பேகத்தின் நாக்கு மறுபடி உதட்டைத் தடவியது.

"இன்னொரு கையையும் பார்க்கணும்."

கேசர் நிமிர்ந்தாள். போர்வை விலகியிருந்தது. ஒரு கை அவள் தலைக்கு மேலாக நீண்டு திரைக்கு வெளியே போயிருந்தது. அவ்வளவு நீளம் ஒரு கைக்குக் கிடையாது. இன்னொரு கை பேகத்தின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. நாடி பார்ப்பதுபோல, மூன்று விரலால். மெதுவாக.

பேகத்தின் உதடு வெடித்தது. ரத்தம் வரவில்லை. கன்னம் உள்ளே போனது. கண்கள் குழிக்குள் இறங்கின. நாக்கு வீங்கி வெளியே வந்தது.

"கேசர்" என்றாள் பேகம். "தண்ணி."

கேசர் அசையவில்லை. கூஜா மடியில் இருந்தது. நான்கு நாள் பழக்கம். நல்லா வேணும் என்று இருந்தது. சாகட்டும். காது குளிரக் கேட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பேகத்திடமிருந்து சத்தம் நின்றது.

மூன்று விரல்களும் விட்டன. கட்டிலில் இருந்த முகம் திரும்பியது. கேசரின் பக்கம்.

"கேசர். தண்ணி."

அந்தக் கை அவள் முகத்துக்கு நேரே வந்து, குவிந்து நின்றது. இதோ, இதோம்மா. இப்போது கொடுத்துவிடலாம். இப்போது யாரும் தடுக்கவில்லை. மூடியைத் திறந்தாள். கூஜாவைச் சாய்த்தாள்.

எதுவும் விழவில்லை.

இன்னும் சாய்த்தாள். தலைகீழாகக் கவிழ்த்தாள். தட்டினாள். உள்ளிருந்து சூடு மட்டும் வந்தது. இல்லையே அம்மா என்று சொல்லப் போனாள். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை; பேகத்துக்குப் போலவே அவள் உதடும் வெடித்தது.

"பாவம், யாராவது அவங்களுக்குத் தண்ணி கொடுங்களேன்" என்றார் ஹக்கீம், திரைக்கு வெளியே.

குவிந்த கை அப்படியே நீட்டியிருந்தது.