ரேகை

நிலவின் கிழக்குக் குடியிருப்பில் தமயந்தி தினமும் காலையில் ஆறு கைகளைச் சாகடிப்பாள். அவளுடைய தோலிலிருந்தே வளர்த்த சோதனைக் கைகள் அவை. எலும்புக்குப் பதில் கம்பி, நரம்புக்குப் பதில் உணரிழை. ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய கையுறையை மாட்டிக் கரைப்பான் தொட்டியில் முக்குவாள். கையுறையைத் தாண்டிக் கரைப்பான் தோலைத் தொட்டதும் உணரிழை சொல்லிவிடும். அதுவரை ஆன நேரத்துக்கு ஊடுருவு நேரம் என்று பெயர். அதைக் குறித்துக்கொண்டு, வெளுத்துப்போன கைகளைக் குப்பையில் போடுவாள். மறுநாளுக்கு வேறு ஆறு கைகள் வளர்ந்திருக்கும். ஏழு வருடமாக இதுதான் வேலை.

கையுறைப் பெட்டியின்மேல் முப்பது நிமிடம் தாங்கும் என்று அச்சிட்டிருந்தது. கையை அசைக்காமல் வைத்திருந்தால் தாங்கத்தான் செய்தது. ஆனால் அவள் கணவன் ஏகாம்பரம் பட்டறையில் கையை அசைக்காமல் வேலை செய்வதில்லை. நிலவூர்திகளின் மூட்டுகளில் இறுகிப்போன மசகைக் கரைப்பானால் தேய்த்து எடுப்பவன் அவன். ஒருநாள் தமயந்தி சோதனைக் கைகளை அவனைப் போலவே விரல் மடக்கித் தேய்க்க வைத்தாள். நான்காவது நிமிடத்தில் ஆறும் வெளுத்தன.

அந்த வருடம்தான் ஏகாம்பரத்தால் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் போனது. டீ சுடுகிறதா என்று தம்ளரைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கத் தொடங்கினான்.

தமயந்தி பாதுகாப்புப் பிரிவுக்கு அறிக்கை எழுதினாள். திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எழுதினாள். மூன்று வருடம் எழுதினாள். கடைசியில் பூமியிலிருந்து ஐந்தடுக்குக் கையுறைகள் வந்திறங்கின. எவ்வளவு மடக்கித் தேய்த்தும் நான்கு மணி நேரம் தாங்கின. அன்று அவள் ஆறு கைகளையும் உயிரோடு வெளியே எடுத்தாள். யாரிடம் சொல்வதென்று தெரியவில்லை. களைப்பாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து, சாப்பிடும்போது கணவனின் கையைப் பார்த்தாள். மற்ற விரல்களில் புதுத்தோல் வந்திருந்தது. வலது ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் வெளுத்து வெடித்திருந்தது.

"இது என்னங்க?"

"ஒண்ணுமில்ல. விடு."

மறுநாள் பட்டறைக்குப் போனாள். நாற்பது பேரும் புதுக் கையுறைதான் போட்டிருந்தார்கள். நாற்பது பேரின் கையுறையிலும் ஆள்காட்டி விரலின் நுனி கத்தரிக்கப்பட்டிருந்தது.

"ஏன் இப்படி வெட்டுனீங்க?"

ஏகாம்பரம் கரைப்பான் குழாயின் பக்கத்திலிருந்த திரையைக் காட்டினான். "ஒவ்வொரு தடவையும் இதுல ரேகை வெச்சாத்தான் குழாய் திறக்கும். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. அத்தனை தடவையும் கழட்டி மாட்ட முடியுமா, சொல்லு."

திரையில் எழுதியிருந்ததை அவள் படித்தாள். 'நான் கையுறை அணிந்திருக்கிறேன் என்று உறுதி கூறுகிறேன்.'

அந்த வாசகம் அவள் எழுதியதுதான். தொழிலாளர்கள் கையுறை போடாமல் ஏமாற்றிவிடக் கூடாதென்று, அறிக்கையின் பதினோராம் பக்கத்தில் இந்த உறுதிமொழியை அவளே கேட்டிருந்தாள்.

"தெரிஞ்சும் ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"மூணு வருஷம் தூங்காம எழுதுன. எப்படிச் சொல்றது?" என்று சொல்லிவிட்டு அவன் விரலை வைத்தான். குழாய் திறந்தது.

அங்கிருந்து நேராகப் பாதுகாப்புப் பிரிவுக்குப் போனாள். அதிகாரி வரதராசன் அவள் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"பாருங்கம்மா. ரெண்டு மாசமா நூத்துக்கு நூறு. ஒரு ஆள்கூட கையுறை இல்லாம குழாயைத் திறக்கல. நல்லா நடக்கறத எதுக்கு மாத்தணும்?"

"சார், அந்த ரேகை வைக்கிறதுக்குத்தான் அவங்க..."

"ஒரே ஒரு சிக்கல் இருக்கு, நானே ஒத்துக்கறேன்," என்றார் அவர். "கொஞ்சம் பேரோட ரேகை அழிஞ்சுட்டு வருது. மிஷினுக்குப் படிக்க முடியல. ஏன்னு தெரியல. அதுக்கும் வழி பண்ணியாச்சு."

அன்று மாலை ஏகாம்பரத்தின் நடுவிரலைப் பதிவு செய்துகொண்டார்கள்.